ஆர்.சி. காரும் ஆர்.சி. விமானமும்: பொழுதுபோக்காளருக்கு எந்த விதி, எந்த உரிமை?

ரேடியோ அலையால் கட்டுப்படுத்தப்படும் (ஆர்.சி.) காருக்கும் மாதிரி விமானத்துக்கும் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், சர்வோ எனும் திருப்பும் சிறு மோட்டார், பேட்டரி எனப் பாகங்கள் பெரும்பாலும் பொதுவானவை. சட்டம் மட்டும் இரண்டையும் வெவ்வேறு கண்ணோடு பார்க்கிறது. தரையில் ஓடும் கார் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அது எங்கே ஓடுகிறது, யாருக்கு இடையூறு தருகிறது என்பவையே கேள்விகள். விமானமோ தரையை விட்டு எழும்பிய கணத்திலிருந்து, பயணிகள் விமானமும் மீட்பு ஹெலிகாப்டரும் பறக்கும் அதே வான்வெளியைப் பகிர்ந்துகொள்கிறது. இந்த வேறுபாடு தெரியாத புதியவர்களில் சிலர், எதற்கும் அனுமதி வேண்டாம் என்று எண்ணிப் பறக்கவிட்டு அபராதத்துக்கு ஆளாகிறார்கள். வேறு சிலர் ட்ரோன் தடை பற்றிய செய்திகளைப் படித்து அஞ்சி, தமக்குச் சட்டம் தெளிவாகத் தந்திருக்கும் உரிமையைக்கூடப் பயன்படுத்தாமல் பெட்டியை மூடி வைத்துவிடுகிறார்கள். இவ்விளக்கம் இரு சாராருக்கும் உரியது என்றாலும், அஞ்சி ஒதுங்கியவர்களை எண்ணியே முதன்மையாக எழுதப்படுகிறது.

நாட்டுக்கு நாடு விதி மாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஆளில்லா வானூர்திகள் குறித்து 2011-இல் வெளியிட்ட 328-ஆம் எண் சுற்றறிக்கையில், பொழுதுபோக்குக்காக மட்டும் பறக்கவிடப்படும் மாதிரி விமானங்கள் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் வரம்புக்குள் வருவதில்லை என்றும், அவை அந்தந்த நாட்டின் சட்டத்துக்கு மட்டுமே உட்பட்டவை என்றும் குறிப்பிட்டது. ஆகவே உலகம் முழுமைக்கும் ஒரே விதிப் புத்தகம் கிடையாது. ஆனால் பல நாடுகளின் விதிகளை அருகருகே வைத்துப் படித்தால், அவை ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கின்றன என்பது புலப்படும். எடை எவ்வளவு, எவ்வளவு உயரம், இயக்குபவரின் கண்ணுக்குத் தெரிகிறதா, கீழே யார் இருக்கிறார்கள் என்ற நான்கும் தெரிந்துவிட்டால், எந்த நாட்டின் அறிவிப்பையும் பதற்றமின்றிப் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

அலைவரிசை: கார், விமானம் இரண்டுக்கும் பொது

இன்று விற்பனையாகும் பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. இது தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென உலக அளவில் ஒதுக்கப்பட்ட பட்டை; வைஃபையும் புளூடூத்தும் இதே பட்டையில்தான் உள்ளன. இதில் குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளுக்குத் தனிநபர் உரிமம் பெறத் தேவையில்லை என்ற விலக்கைப் பல நாடுகள் அளித்திருக்கின்றன. இந்தியா 2005-இல் தனி விதி வகுத்து 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு இந்த விலக்கை அளித்தது. ஐரோப்பாவில் வெளிப்படும் ஆற்றல் 100 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு நாட்டுச் சந்தைக்காகத் தயாரான டிரான்ஸ்மிட்டரை வேறொரு நாட்டுக்குக் கொண்டுசெல்பவர், அதன் அமைப்பில் அந்த நாட்டுக்கான தேர்வு இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்வது நல்லது. நெடுந்தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவதற்கென விற்கப்படும் கருவிகளில் இது இன்னும் முக்கியம்: அமெரிக்காவில் 915 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை பயன்படுகிறது, ஐரோப்பாவில் அதற்கு ஈடானது 868 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை.

உரிமம் வேண்டாம் என்ற விலக்கோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது: அந்தப் பட்டையில் பிற கருவிகளால் ஏற்படும் குறுக்கீட்டை நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும், சட்டப் பாதுகாப்புக் கோர முடியாது. இதனால்தான் சிக்னல் அறுந்தால் மோட்டாரோ இன்ஜினோ தானாகவே நின்றுவிடும்படி 'ஃபெயில்சேஃப்' அமைத்துக்கொள்வதை மாதிரி விமானச் சங்கங்கள் கண்டிப்பாக வலியுறுத்துகின்றன. காரிலும் இதை அமைக்காமல் விடக் கூடாது என்பது என் கருத்து. மூன்று கிலோ எடையுள்ள கார் கட்டுப்பாட்டை இழந்து முழு வேகத்தில் மனிதக் காலில் மோதினால் எலும்பு முறியும்.

பழைய ரேடியோ செட்டுகளை இன்றும் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் பட்டை விமானங்களுக்கு மட்டும், 75 மெகாஹெர்ட்ஸ் பட்டை கார், படகுகளுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டுள்ளது. பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் விமானத்துக்கு உரியது. விமான செட்டைக் காரில் பொருத்தினால், ஒரே சேனலில் அருகில் பறக்கும் ஒருவருடைய விமானம் கட்டுப்பாடிழந்து விழக்கூடும். எனவே இந்த ஒதுக்கீட்டை வெறும் காகித விதியாக நினைக்கக் கூடாது.

காருக்கு என்ன விதி?

காருக்கென்று தனிப் பதிவோ, ஓட்டுநர் தேர்வோ பொதுவாகக் கிடையாது. சொந்த நிலத்திலோ, உரிமையாளரின் ஒப்புதல் பெற்ற நிலத்திலோ ஓட்டலாம். பூங்கா போன்ற பொது இடங்களில் அந்த இடத்தை நிர்வகிக்கும் அமைப்பின் விதியே இறுதியானது. பொதுச் சாலையில் ஓட்டுவதைப் போக்குவரத்துச் சட்டம் தடுக்கும் என்றே கொள்ள வேண்டும். இன்ஜின் வைத்த கார்களுக்கு இரைச்சல் கட்டுப்பாடும் சேரும்.

பலரும் எதிர்பாராத இடத்தில் ஒரு விதி இருக்கிறது: எரிபொருள். நைட்ரோ இன்ஜின்களுக்கான எரிபொருளில் மெத்தனாலோடு நைட்ரோமீத்தேனும் கலந்திருக்கும். வெடிபொருள் தயாரிப்பில் பயன்படக்கூடியது என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1148 எண் ஒழுங்குமுறை, எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் கட்டுப்பாடு விதித்துள்ளது. 2021 பிப்ரவரி முதல் இது நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய வரம்பு 30 சதவீதம். பந்தயக் கார்களுக்கு 25 சதவீதக் கலவை வழக்கமானது என்பதால், முன்பு சட்டப்படி வாங்கிய டின் வீட்டில் மீதம் இருந்தால்கூட அது இன்று விதிமீறலாகலாம்.

விமானத்தின் எடையும் பதிவும்

பல நாடுகளில் முதல் எல்லைக்கோடு 250 கிராம். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக மட்டும் பறக்கவிடப்படும் விமானம் 250 கிராமுக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. அதற்கு மேல் என்றால் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ள 2019/947 எண் ஒழுங்குமுறையும் இதே எடையை வைத்திருக்கிறது. ஆனால் அங்கே 250 கிராமுக்குக் குறைந்ததாக இருந்தாலும், கேமரா பொருத்தப்பட்டு, குழந்தைகளுக்கான பொம்மை என்ற வகைக்குள் வராவிட்டால் பதிவு கட்டாயம். பிறருடைய அந்தரங்கத்தைக் காப்பதே நோக்கம். மேல் எல்லை ஐரோப்பாவில் 25 கிலோ. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ எனப் பிரித்து, நானோ வகைக்கும், வணிக நோக்கமின்றி இயக்கப்படும் மைக்ரோ வகைக்கும் தொலைநிலை விமானிச் சான்றிதழ் வேண்டாம் என்று விலக்களிக்கின்றன.

பதிவு என்றதும், வைத்திருக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்த வேண்டும் என்று பலர் மலைக்கிறார்கள். அமெரிக்கப் பொழுதுபோக்காளருக்கும் ஐரோப்பியப் பொழுதுபோக்காளருக்கும் பதிவு என்பது ஆளுக்குத்தான். கிடைக்கும் ஒரே எண்ணைத் தம்மிடமுள்ள எல்லா விமானங்களிலும் ஒட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இதோடு 'டிரஸ்ட்' எனப்படும் இணையவழிப் பாதுகாப்புத் தேர்வை முடித்துச் சான்றிதழை வைத்திருக்க வேண்டும். அது கட்டணமில்லாத தேர்வு.

இந்தப் பதிவு விதி எளிதாக நிலைபெற்றுவிடவில்லை. 1981 முதல் அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கு இருந்தது வெறும் அறிவுரைச் சுற்றறிக்கை மட்டுமே. 2012-இல் நாடாளுமன்றம், மாதிரி விமானங்கள் குறித்துப் புதிய விதி எதையும் விமானப் போக்குவரத்து நிர்வாகம் வகுக்கக் கூடாது என்று சட்டமே இயற்றியது. 2015 டிசம்பரில் நிர்வாகம் பதிவைக் கட்டாயமாக்கியபோது, பொழுதுபோக்காளர் ஒருவர் அந்த 2012 சட்டத்தைக் காட்டி வழக்குத் தொடுத்தார். 2017 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, மாதிரி விமானங்களுக்கான பதிவை நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய சட்டப்பிரிவின் மூலம் பதிவு மீண்டும் வந்தது. பின்னர் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய தடையை நீக்கிவிட்டு, இன்றுள்ள நிபந்தனைகளை வகுத்தது. பழைய தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுப் பதிவு தேவையில்லை என்று அறிவுரை கூறுவோர் இன்னும் இருக்கிறார்கள். அந்த அறிவுரை காலாவதியானது.

உயரம், பார்வை, இடம்

பொதுவான உயர வரம்பு 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர். ஆளேறும் விமானங்கள் வழக்கமாக இதற்கு மேல்தான் பறக்கின்றன என்பதால், இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி கிடைக்கிறது. அமெரிக்காவில் இந்த வரம்பு கட்டுப்பாடற்ற வான்வெளிக்கு உரியது. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியில் முன் அனுமதி பெற வேண்டும். இந்தியாவில், வான்வெளி வரைபடத்தில் கட்டுப்பாடு குறிக்கப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி தேவையில்லை. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடியாகக் குறைகிறது. அதற்கும் நெருக்கமான பகுதிகளில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.

மலைச்சரிவில் கிளைடர் எனும் இன்ஜினில்லா மிதவை விமானம் பறக்கவிடுவோருக்கு இவ்வரம்பு ஒரு நியாயமான ஐயத்தை எழுப்பும்: சரிவைத் தாண்டிப் பள்ளத்தாக்கின் மேல் சென்றால், கீழே தரை 300 மீட்டர் ஆழத்தில் இருக்குமே, அது மீறலா? ஐரோப்பிய விதி இதை முன்னமே எண்ணிப் பார்த்திருக்கிறது. 10 கிலோவுக்குக் குறைந்த ஆளில்லா கிளைடர், இயக்குபவர் நிற்கும் இடத்திலிருந்து 120 மீட்டருக்கு மேலே போகாதவரை, தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் இருந்தாலும் தவறில்லை. இந்தக் கலையை அறிந்தவர்கள் விதி எழுதும் மேசையில் இருந்தால் என்ன நன்மை விளையும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

விமானம் எப்போதும் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அருகில் வேறு வானூர்தி வருகிறதா என்று கண்டறியக்கூடிய அளவுக்குத் தெரிய வேண்டும். வானத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் மட்டும் போதாது. கண்களை மூடும் திரைக்கண்ணாடி அணிந்து, விமானத்தின் கேமரா வழியே பார்த்து இயக்குவோர், தம் அருகிலேயே நின்று வெறுங்கண்ணால் விமானத்தைக் கவனிக்கும் ஒரு துணையாளரை வைத்துக்கொண்டால், அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் இரண்டும் அதை அனுமதிக்கின்றன. ஆளேறும் வானூர்தி எதிர்ப்பட்டால் வழிவிட வேண்டியவர் எப்போதும் மாதிரி விமானத்தை இயக்குபவரே. கூடியிருக்கும் மக்கள் கூட்டத்தின் மேல் பறக்கவிடக் கூடாது. பெரிய விமானங்களுக்கான ஐரோப்பிய துணைப்பிரிவில் குடியிருப்பு, வணிகப் பகுதிகளிலிருந்து 150 மீட்டர் விலகியிருக்க வேண்டும். கூரையும் சுவரும் சூழ்ந்த உள்ளரங்கில் பறப்பதற்கு இந்த வான்வெளி விதிகள் பொருந்துவதில்லை.

சங்க உறுப்பினருக்குச் சட்டம் தரும் சலுகை

சங்கத்தில் சேர்வது நட்புக்காக மட்டும் என்று எண்ணுவோர் ஒரு சட்ட உரிமையைத் தவறவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 16-ஆவது பிரிவு, மாதிரி விமானச் சங்கங்கள் தங்கள் நாட்டு ஆணையத்திடம் தனி அங்கீகாரம் பெற வழிசெய்கிறது. அங்கீகாரத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 120 மீட்டருக்கு மேல் பறத்தல், பொது வயது வரம்பான 16-க்குக் கீழுள்ள சிறுவர்களைப் பறக்கவிடச் செய்தல் போன்ற தளர்வுகள் உறுப்பினர்களுக்குக் கிடைக்கலாம். அமெரிக்காவில், பதிவு தேவைப்படும் விமானங்கள் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ரேடியோ வழியே ஒலிபரப்ப வேண்டும் என்ற 'ரிமோட் ஐடி' விதி உள்ளது. ஆனால் விமானப் போக்குவரத்து நிர்வாகம் அங்கீகரித்த மைதானங்களுக்குள், அத்தகைய கருவி இல்லாத விமானத்தையும் பறக்கவிடலாம்; அம்மைதானங்களில் பல, சங்கங்கள் விண்ணப்பித்துப் பெற்றவை. பால்சா மரத்தில் கையால் இழைத்த பழைய விமானத்தை வைத்திருக்கும் முதியவருக்கு சங்கத்தில் சேர இந்த ஒரு சலுகையே போதுமான காரணம்.

காப்பீடும் பெரும்பாலும் சங்க உறுப்பினர் கட்டணத்தோடு சேர்ந்தே வருகிறது. ஜெர்மனி போன்ற நாடுகளில் எடை எதுவானாலும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். கட்டாயமில்லாத நாடுகளிலும், வீட்டுக் காப்பீட்டில் வானூர்தியால் நேரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று ஆவணத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

பேட்டரியோடு விமானப் பயணம்

போட்டிக்கோ விடுமுறைக்கோ வெளியூர் செல்வோர் லித்தியம் பாலிமர் பேட்டரிகளைத் தனியாக எடுத்துச் சென்றால், அவை கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவையில்லை. 100 முதல் 160 வரை ஒப்புதலோடு உதிரியாக இரண்டு மட்டும். அதற்கு மேல் பயணியின் சுமையில் இடமில்லை. வாட்-மணியைக் கணக்கிட, வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். மூன்று செல் கொண்ட 11.1 வோல்ட், 5000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி 55.5 வாட்-மணி, கார்களில் பரவலாக உள்ள இரண்டு செல் பேட்டரி அதே கொள்ளளவில் 37. பெரிய விமானத்துக்கான ஆறு செல் பேட்டரி அதே கொள்ளளவில் 111 ஆகி எல்லையைத் தாண்டிவிடுகிறது, ஆகவே அதற்குப் பயணத்துக்கு முன்பே எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பேட்டரியின் முனைகளையும் டேப் ஒட்டி மூடித் தனித்தனிப் பையில் வைக்க வேண்டும்; உறையில் வாட்-மணி அச்சிடப்படாத பேட்டரியைச் சோதனை அலுவலர் தடுத்து நிறுத்தலாம் என்பதால், வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்குவது நல்லது.