வினையூக்க மாற்றி: கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குச் சரியான தமிழ்

பெட்ரோல் காரின் புகைக்குழாயில், எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே உப்பலாக ஓர் எஃகுக் கூடு இருக்கும். புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அதுதான்.

ஒரு பொருள் தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை விரைவாக்குவதே கேட்டலிசிஸ். இந்தச் சொல்லை வேதியியலில் நிலைநிறுத்தியவர் சுவீடன்காரர் பெர்சீலியஸ், 1835இல். அதன் கிரேக்க வேருக்கு அவிழ்த்தல், தளர்த்தல் என்று பொருள். தமிழ் அந்த வழியில் போகவில்லை. தூண்டிவிடுவதைப் பிடித்துக்கொண்டு 'கிரியா ஊக்கி' என்றது. கிரியா பிறகு வினையாகி 'வினையூக்கி' ஆயிற்று. பாடநூல்களில் 'வினைவேகமாற்றி'யும் உண்டு.

சிக்கல் இரண்டாம் பாதியை ஒட்டும்போதுதான். 'வினையூக்கி மாற்றி' என்று எழுதினால், மின்மாற்றி மின்னை மாற்றுவதுபோல, இது வினையூக்கியை மாற்றும் கருவி என்றாகிவிடும். உண்மையில் மாறுவது புகை, வினையூக்கி தீர்ந்துபோவதில்லை. 'வினைவேகமாற்றி மாற்றி' என்றால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். 'வினையூக்க மாற்றி' என்பதே பொருந்தும்: வினையூக்கத்தால் மாற்றுவது.

கூட்டுக்குள் தேனடைபோல நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. துளைச் சுவர்களில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பூச்சு. அதன்மேல் சில கிராம் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். இந்த உலோகங்கள்தான் வினையூக்கிகள். கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகும். எரியாத பெட்ரோல் ஆவி கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாகும். நைட்ரஜன் ஆக்சைடு வெறும் நைட்ரஜனாகும். மூன்றும் ஒருசேர நடக்க, எடைக்கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த அளவை ஆக்சிஜன் சென்சார் கண்காணிக்கிறது. கட்டி 250–300 டிகிரி செல்சியசுக்குச் சூடேறும்வரை வேலை சரியாகத் தொடங்காது. குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் நிமிடப் புகைதான் மிக மோசம். ஸ்பார்க் பிளக் சரியாகப் பற்றவைக்காவிட்டால், எரியாத பெட்ரோல் இங்கே வந்து எரிந்து பீங்கானையே உருக்கிவிடும்.

அமெரிக்காவில் இதைச் சந்தைக்கு இழுத்து வந்தது சட்டம். 1950களிலேயே பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹௌட்ரி இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் பெட்ரோலில் கலந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதை முடக்கிவிடும். 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம், 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் (எரியாத பெட்ரோல் ஆவி) 90 விழுக்காடு குறைய வேண்டும் என்றது. கெடு கொஞ்சம் தள்ளிப்போனாலும், கார் நிறுவனங்களும் பீங்கான் செய்த கார்னிங் நிறுவனமும் பணத்தைக் கொட்டின. 1975 மாடல்களில் பெரும்பாலானவற்றில் மாற்றி வந்துவிட்டது. ஈயமில்லா பெட்ரோலுக்குத் தனிப் பம்பும் குறுகலான முனையும், அது மட்டுமே நுழையும்படி காரின் டேங்க் வாயும் வந்தன. விலை குறைவென்று அந்த வாயை உடைத்துப் பெரிதாக்கி ஈயப் பெட்ரோல் ஊற்றியவர்களும் இருந்தார்கள்! சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் அங்கே முற்றாக நின்றது 1996இல்.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் புதுப் பெட்ரோல் கார்களுக்கு மாற்றி கட்டாயமானது. நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல் கிடைக்க 2000 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் வெளியூர் பங்கில் டேங்க் நிரப்பினால் மாற்றிக்கு ஆபத்து.

இதைப் 'புகை வடிகட்டி' என்பது தவறு. எதையும் இது பிடித்து வைப்பதில்லை. உள்ளே போகும் கார்பனில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக வெளியேறி, புவி வெப்பமாதலில் தன் பங்கைச் செய்யத்தான் செய்கிறது. கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி டீசல் வண்டியில் வேறாக இருக்கிறது. அதற்குத் 'துகள் வடிகட்டி' என்று பெயர்.