62 எப்படி 45 ஆச்சு?

"நாலு மாசம் முன்னாடி 62, இப்ப 45. தெரபிக்குப் போய்த்தான் குறைஞ்சுபோச்சா டாக்டர்?" மூளை முடக்குவாதம் உள்ள நான்கு வயதுப் பையனின் அப்பா, பையனின் திறனை அளந்து எண் போட்ட இரண்டு ரிப்போர்ட்டையும் விரித்து வைத்துக் கேட்டார். மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் ஆளாளுக்கு இதையே கேட்கிறார்கள். பொறுமை போய்த்தான் எழுதுகிறேன்.

62 என்பது வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவையில் வந்தது. தானே சாப்பிடுவானா, உடை மாற்றுவானா என்று பெற்றோரிடம் கேட்டுப் போடுவது. 45 வந்தது செகுயின் ஃபார்ம் போர்டில். பத்து மரக்கட்டைகளை அதனதன் குழியில் பொருத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். இந்தப் பையனுக்கு இரண்டு கையும் இறுக்கம். நட்சத்திரக் கட்டையைக் கொடுத்ததும் கண் சரியான குழிக்குப் போய்விடுகிறது. கை போய்ச் சேர்வதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. கையின் வேகத்தை அளந்துவிட்டு அறிவுத்திறன் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவரை என்ன சொல்ல!

அதற்காக 62-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். நம் வீடுகளில் ஐந்து வயது வரை பாட்டி ஊட்டிவிடுவார். "தானே சாப்பிடுவானா?" "இல்லைங்க." ஒரு மதிப்பெண் போச்சு. பிள்ளைக்கு முடியவில்லையா, வீட்டில் விடவில்லையா என்பது அந்தத் தாளில் இருக்காது.

இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிடுவது கிலோவிலிருந்து லிட்டரைக் கழிப்பது மாதிரி. குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

சரி, ஒரே அளவையை மறுபடி போட்டால்? அப்போதும் எண் ஏறியே ஆக வேண்டும் என்றில்லை. நான்கு வயதில் இரண்டு வயதுக்குரிய திறன் இருந்தால் வளர்ச்சி ஈவு (திறனின் வயதை உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்குவது) 50. ஐந்து வயதில் இரண்டரை வயதுக்குரிய திறன் வந்தாலும் அதே 50தான். நடுவில் பிள்ளை தன் பெயரைச் சொல்லக் கற்றிருக்கும், பேன்ட்டைக் கழற்றக் கற்றிருக்கும். வீட்டில் "ஒண்ணுமே முன்னேறலை" என்று அழுதுகொண்டிருப்பார்கள். முன்னேற்றம் தெரிய வேண்டுமானால் போர்ட்டேஜ், சென்னை மதுரம் நாராயணன் மையத்தின் உபநயன் போன்ற திறன் பட்டியல்களைப் பாருங்கள். போன தடவை முடியாத எது இப்போது முடிகிறது என்று அதில் வரி வரியாகத் தெரியும்.

அப்புறம், வளர்ச்சித் தாமதம் இருக்கிறதா என்று பார்க்கும் திருவனந்தபுரம் சார்ட், ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் எல்லாம் ஸ்க்ரீனிங் மட்டுமே. சந்தேகம் இருந்தால் மேற்கொண்டு பார்க்கச் சொல்லும், நோயை உறுதி செய்யாது. எம்-சாட் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைப் போட்டு 'ஆட்டிசம் இல்லை' என்று எழுதிய தாளையும் பார்த்துவிட்டேன்.

அடுத்த முறை போகும்போது அளவையின் பெயர், அது எந்த வயதுக்கு, பதில் சொன்னது யார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கண்ணாடி, காது மெஷின் இருந்தால் போட்டுக் கூட்டிப் போங்கள், பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். குறைமாதப் பிரசவம் என்றால் இரண்டு வயது வரை வயதைத் திருத்தி, அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து, கணக்கிட்டார்களா என்று கேளுங்கள். காய்ச்சலோடு கொண்டுவராதீர்கள். தயவுசெய்து, பிள்ளை தூங்கும் நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள்.