விபத்தில் கைகொடுத்தவரை முதலில் உட்கார வையுங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்கு ஸ்ட்ரெச்சரில் வருபவரைப் பார்க்கவே நேரம் போதாது என்பதால், அவரைத் தூக்கிவந்தவரின் முகம் பெரும்பாலும் மனதில் பதிவதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். அதை மாற்றியவர் பூக்கூடையுடன் வந்த ஓர் அம்மா.

பைக் விபத்தில் தொடை கிழிந்த இளைஞர் ஒருவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி வந்த அவர், மடித்த துண்டைக் காயத்தின் மேல் வைத்து இரு உள்ளங்கைகளாலும் அழுத்தியிருந்தார். ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போதுகூட அந்த அழுத்தத்தை விடவில்லை. "ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன், பீய்ச்சி அடிச்சுது டாக்டரம்மா. அப்புறம் கையையே எடுக்கல" என்றார். தொடையில் ஓடும் பெரிய தமனி அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். ரத்தம் நின்றுவிட்டதா என்று துணியை விலக்கி விலக்கிப் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. உறையத் தொடங்கிய ரத்தம் அதனால் கலைந்துபோகும். யாரும் சொல்லித்தராமலே அதைப் புரிந்துகொண்டு வழி நெடுக அழுத்தியபடி வந்த அந்த அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்பது. கேட்ட குரலும் நல்ல குரல் அல்ல. வாசலில் இருந்த காவலாளியோ பெயரையும் விலாசத்தையும் எழுதிவிட்டுப் போகச் சொன்னார். "கேசு கீசுன்னு வந்துடுமா?" என்று யாரிடமோ கேட்டவர், சற்று நேரத்தில் கூடையோடு மறைந்துவிட்டார். இளைஞர் பிழைத்துக்கொண்டார். கொண்டுவந்து சேர்த்தது யார் என்று அவருடைய தாய் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அந்த அச்சத்துக்குச் சட்டத்தில் இன்று இடமில்லை. உதவ முன்வருவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் ஏற்றது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ பாயாது என்கிறது. பெயரையோ விலாசத்தையோ சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியாக இருப்பதும் அவருடைய விருப்பம். இந்த உரிமைகளைத் தமிழிலும் எழுதி மருத்துவமனை வாசலில் வைக்க வேண்டும் என்பது விதி. (உங்கள் ஊர் மருத்துவமனையில் அப்படியொரு பலகை கண்ணில் படுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.) பணமும் தடையாக வேண்டியதில்லை: 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, தமிழகத்தில் சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் வரம்புக்கு உட்பட்டு இலவசம்.

தூக்கிவருபவர் மட்டுமே வீரர் என்றும் நான் இப்போது நினைப்பதில்லை. கூட்டத்தில் யாரோ தண்ணீர் புகட்டப் போகும்போது, மயங்கியவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று தடுப்பவர், வளைவுக்கு முன்னால் நின்று வரும் லாரிகளை நிறுத்துபவர், 108-ஐ அழைத்து இடத்தைப் பதறாமல் சொல்பவர், அடிபட்டவரின் கைபேசியைப் பத்திரப்படுத்தி வீட்டாரின் அழைப்புக்காகக் காத்திருப்பவர் ஆகிய எல்லோருடைய வேலையும் சேர்ந்துதான் ஓர் உயிர் எங்கள் கைக்கு வந்து சேர்கிறது. இவர்களில் எவருடைய பெயரும் எங்கள் விபத்துப் பதிவேட்டில் ஏறுவதில்லை.

பாராட்டு என்றதும் பொன்னாடையையே நினைக்கிறோம். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை நாங்களே மறந்துவிடுகிறோம். முன்பின் அறியாத ஒருவரின் ரத்தம் கையில் தோய வந்தவரைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்து, விரல்களில் வெட்டோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ்-பி தொற்றுக்கான வாய்ப்பை மதிப்பிட வேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். நாளெல்லாம் நார் இழுத்துப் பூக் கட்டும் விரல்களில் கீறல் இல்லாமலா இருந்திருக்கும்? அன்று நான் பார்க்கவில்லை. இப்போது எங்கள் பிரிவில் குழாயடியில் ஒரு சோப்பும், பக்கத்தில் ஒரு நாற்காலியும் கிடக்கின்றன.