தொழில் கடன் வசூலுக்குப் போய்விட்டதா? ஓடிஎஸ் பேசுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு வசூல் ஏஜென்ட் ஒருவரிடமிருந்து போன் வந்தது. "சாயங்காலத்துக்குள்ள நாப்பதாயிரம் போட்டுடுங்க சார், மீதி வட்டியை நான் பேசித் தள்ளுபடி பண்ணித் தர்றேன்." பயத்தில் அவரும் அந்த ஆள் கொடுத்த நம்பருக்கே ஜிபேயில் அனுப்பிவிட்டார். ரசீது வாங்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கிளைக்குப் போய் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால், அந்தப் பணம் கணக்கில் ஏறவே இல்லை. அதை மீட்க நான்கு மாதம் அலைந்தோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், இன்னொருவர் அப்படி ஏமாறக் கூடாது.

முதலில் ஒரு விஷயம். தள்ளுபடி கொடுக்கும் அதிகாரம் ஏஜென்ட்டுக்குக் கிடையாது. பல நேரம் கிளை மேலாளருக்கே கிடையாது. ஓடிஎஸ் (One Time Settlement) எனப்படும் சமரசத் தீர்வு பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி ஒவ்வொரு வங்கியும் நிதி நிறுவனமும் இதற்கென்று தன் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்த கொள்கை வைத்திருக்க வேண்டும், கடனை அனுமதித்த அதிகாரியைவிட ஒரு படியாவது மேலே இருப்பவர்தான் தள்ளுபடிக்கு ஒப்புதல் தர வேண்டும். அதனால் உங்கள் விண்ணப்பம் கிளையில் தொடங்கினாலும் முடிவாவது பெரும்பாலும் மண்டல அலுவலகத்திலோ அதற்கு மேலேயோதான். "நான் பார்த்துக்கறேன்" என்று யார் வாயால் சொன்னாலும் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தவணையோ வட்டியோ 90 நாள் கட்டாமல் போனால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், பேச்சில் எல்லாரும் என்பிஏ என்பார்கள். அதற்கப்புறம் ஒரு தொகையைப் பேசி, அதை மட்டும் கட்டிக் கணக்கை முடிப்பதுதான் ஓடிஎஸ். இது நம் உரிமை கிடையாது. ஓடிஎஸ் கொடு என்று வங்கிக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியாது என உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே நாம் கேட்கும் இடத்தில் இருக்கிறோம், கணக்கோடு கேட்க வேண்டும். இன்னும் 90 நாள் ஆகவில்லை, தொழில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றால் ஓடிஎஸ் பக்கம் போகவே வேண்டாம். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இருந்தால் 25 கோடி வரையிலான கடனுக்கு மறுசீரமைப்பு, அதாவது தவணையை மாற்றி அமைத்துத் தரும்படி, கேட்க வழி இருக்கிறது, அதை என்பிஏ ஆவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "பேங்க் ரைட் ஆஃப் பண்ணிட்டாங்க, இனி கட்ட வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் பதிவு, நம் கடன் அப்படியேதான் இருக்கும். சொத்து அடமானம் இல்லாமல் அரசின் கடன் உத்தரவாத நிதியை நம்பிக் கொடுத்த கடனும் அப்படித்தான், நிதியிலிருந்து வங்கிக்குப் பணம் போனாலும் நம்மிடம் வசூல் தொடரும்.

சரி, எவ்வளவு கேட்பது? வங்கி முதலில் பார்ப்பது அடமானச் சொத்தை விற்றால் எவ்வளவு கைக்கு வரும், அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்பதைத்தான். சித்தப்பாவின் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கில் அசல் 12 லட்சம், வட்டியெல்லாம் சேர்ந்து 16 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருந்தது. அடமானம் வைத்த மூன்று சென்ட் இடத்துக்குப் பாதை தகராறு இருந்தது. அந்த வழக்கின் நகலையும், ஏலத்தில் என்ன விலை போகும் என்று ஒரு வேல்யூவர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் சேர்த்து 9 லட்சத்துக்கு விண்ணப்பித்தோம். இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார்கள், கடைசியில் 11 லட்சத்து 50 ஆயிரத்தில் முடிந்தது. நல்ல இடத்தில் தகராறில்லாத சொத்து இருக்கிறவருக்கு இவ்வளவு குறைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, அடமானமே இல்லாதவருக்கு இதைவிட அதிகமாகவும் குறையலாம்.

விண்ணப்பத்தில் தொழில் ஏன் படுத்தது என்பதை ஜிஎஸ்டி ரிட்டர்ன், நின்றுபோன ஆர்டர், மருத்துவச் செலவு என்று காகிதத்தோடு சொல்லுங்கள். பணம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதுங்கள், நகையை விற்றா, மச்சான் கொடுக்கிறாரா என்று. அதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள். கூடவே, "சமரசத்துக்காக மட்டும் எழுதப்படுகிறது, என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமில்லாமல்" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் வங்கி வழக்குப் போடும் மூன்று வருடக் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும், பழைய கடன் என்றால் வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேசிய தொகையைக் கட்ட மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தால் அதை மறுசீரமைப்பாகத்தான் கணக்கில் காட்ட வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. நீண்ட தவணைக்கு வங்கிகள் தயங்குவது இதனால்தான். பணம் திரளும் வழியே தெரியாமல் பெரிய தொகைக்கு ஒத்துக்கொண்டு கெடு தவறினால் ஓடிஎஸ் ரத்தாகும், பழைய பாக்கி முழுவதும் திரும்பி நிற்கும்.

அனுமதிக் கடிதம் வங்கியின் லெட்டர்ஹெட்டில் வரட்டும். அதில் கடன் கணக்கு எண், மொத்தத் தொகை, தேதிகள், எந்தக் கணக்கில் கட்ட வேண்டும், கட்டியபின் பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். ஜாமீன்தாரரும் விடுபடுகிறார் என்று பெயர் போட்டு எழுதி வாங்குங்கள், சட்டப்படி கடன்காரருக்கு இருக்கும் அதே பொறுப்பு அவருக்கும் உண்டு. செக் பவுன்ஸ் வழக்கு, கடன் வசூல் தீர்ப்பாய வழக்கு எதுவாக இருந்தாலும் வாபஸ் வாங்குவோம் என்பதும், பத்திரத்தை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த விஷயத்தில்தான். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே, அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே எடுத்து விற்க வங்கிக்கு வழி தரும் சர்ஃபேசி சட்டத்தின் கெடு ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவில் நோட்டீஸ் வந்தால் கட்ட 60 நாள். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்து சொத்தைச் சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயம் போக வேண்டும், சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையும் போய்விடும், அதனால் பேச்சை அதற்கு முன்பே முடித்தாக வேண்டும். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்துவதும் மிரட்டுவதும் கூடாது. அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள், தேதி நேரத்தோடு எழுதி வைத்து வங்கிக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே போகலாம், விவரம் கேட்க 14448.

வங்கிகள் பல சின்னக் கணக்குகளை மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கின்றன. கட்டணம் கிடையாது, அங்கே ஆகும் உத்தரவுக்கு மேல்முறையீடும் கிடையாது. நாம் கட்டத் தவறினால் வங்கி அதையே நீதிமன்றத் தீர்ப்பைப் போல (டிகிரி) நிறைவேற்றலாம், அதனால் முடிகிற தொகைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஓடிஎஸ்ஸுக்கு ஒரு விலையும் உண்டு. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், வங்கி தொகையை விட்டுக்கொடுத்து முடித்த கணக்கென்றால் அதே வங்கி குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக் கடன் தராது. தள்ளுபடியான வட்டியை முன்பே செலவாகக் காட்டியிருந்தால் அது வருமானமாகலாம், ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசிப் பணம் கட்டியதும் நோ டியூ சான்றிதழ் வாங்குங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்தைப் பதிவு செய்யுங்கள், ஒரு வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சித்தப்பாவுக்கு அதில் ரத்து ஏற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவரை அசல் பத்திரத்தோடு அந்த நோ டியூ சான்றிதழையும் பட்டறை பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.