ஜி.ஆர். மீட்டர்: பெருக்கக் குறைப்புமானி

எஃப்.எம். நிலையத்தின் ஆடியோ ப்ராசசரில் (ஒலிபரப்புக்கு முன் ஒலி அளவைச் சீராக்கும் கருவி) இன்புட், அவுட்புட் மீட்டர்களின் பட்டை கீழிருந்து மேலே ஏறும். பக்கத்தில் ‘ஜி.ஆர்.’ என்று குறித்திருப்பவையோ உச்சியில் உள்ள 0-விலிருந்து கீழே இறங்கும். ஜி.ஆர். என்றால் கெயின் ரிடக்‌ஷன். புதிதாகப் பணிக்கு வருபவர்கள் இதையும் ஒலி மட்டம் என்றே படித்துவிடுகிறார்கள். இந்த மீட்டர் ஒலியை அளப்பதில்லை. ப்ராசசர் அந்தக் கணத்தில் தன் பெருக்கத்தை எத்தனை டெசிபெல் குறைத்து வைத்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது.

‘கெயின்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் ஜெர்மானிய வேர் வேட்டையாடுவதையும் இரை தேடுவதையும் மேய்ச்சலையும் குறித்தது. தேடிப் பெற்றது என்ற பொருள் ஈட்டம், ஆதாயம் என விரிந்தது. மின்னணுவியலில் உள்ளே வரும் குறிகை (சிக்னல்) வெளியே எத்தனை மடங்காகிறது என்ற விகிதத்துக்குப் பெயரானது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைப் பெருக்கம் என்கின்றன. ஆம்ப்ளிஃபையர் பெருக்கி என்பதால் இரண்டும் ஒரே வேரில் நிற்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் இது நயம். ஆகவே கெயின் ரிடக்‌ஷனுக்குப் பெருக்கக் குறைப்பு, இலங்கை வழக்கில் நயக் குறைப்பு. ‘ஒலிக் குறைப்பு’ என்று எழுதுவது தவறு. மீட்டர் 10 டெசிபெல் காட்டும்போதும் வெளியே போகும் ஒலி உள்ளே வந்ததைவிட உரத்ததாக இருக்கலாம். குறைப்புக்குப் பின் பெருக்கம் மீண்டும் கூட்டப்படுகிறது.

மேலிருந்து கீழே படிக்கும் வழக்கத்துக்குப் பழைய முள் மீட்டர் வழி காட்டியது. 1939-இல் அமெரிக்க வானொலித் துறை ஏற்றுக்கொண்ட, ஒலி மட்டம் காட்டும் வி.யூ. மீட்டரின் அளவுகோல் −20 முதல் +3 வரை. 1960களின் டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ போன்ற கம்ப்ரஸர்களில் (உரத்த ஒலியின்போது பெருக்கத்தைத் தானாகக் குறைக்கும் கருவிகள்) இதே மீட்டரை ஒரு சுவிட்சால் ஜி.ஆருக்கு மாற்றலாம். குறைப்பு இல்லாதபோது முள் 0-வில் நிற்கும். குறைக்கக் குறைக்க இடப்பக்கம் சாயும். −7 என்றால் 7 டெசிபெல் குறைப்பு. குறிகையே இல்லாதபோது முள் 0-வில் நிற்காவிட்டால் அதன் சீராக்கும் திருகைத் திருப்பிச் சரிசெய்த பிறகுதான் படிக்க வேண்டும்.

இன்றைய ப்ராசசரில் முதலில் பார்க்க வேண்டியது ஏ.ஜி.சி. (பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும்) பகுதியின் ஜி.ஆர். இதன் வீச்சு 25 டெசிபெல் என்று கொள்வோம். வழக்கமான நிகழ்ச்சி ஓடும்போது இது சராசரியாக 10-ஐக் காட்டும்படி இன்புட் அளவை வைப்பது நல்ல தொடக்கம். ஆர்.ஜே. ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) 6 டெசிபெல் இறக்கினால் மீட்டர் 4-க்கு ஏறும், வெளியீடு மாறாது. 14 டெசிபெல் இறக்கினால் மீட்டர் 0-வைத் தொட்டு நின்றுவிடும். மீதி 4 டெசிபெல் வானலையில் குறைந்தே ஒலிக்கும். எதிர்ப்பக்கம் 15 டெசிபெல் இடம் இருக்கிறது. எப்போதும் 25-லேயே கிடந்தால் இன்புட் மிக அதிகம், ஏ.ஜி.சி.க்கு முன்பே ஒலி வெட்டுப்படுகிறதா என்று இன்புட் மீட்டரில் பாருங்கள்.

பேச்சு நின்றதும் ஜி.ஆர். அசையாமல் நிற்பது பழுதல்ல. கேட் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இன்புட் ஒரு வரம்புக்குக் கீழே போனதும் கேட் பெருக்கத்தை உறைய வைக்கிறது. இல்லாவிட்டால் பேச்சின் இடைவெளியில் ஸ்டூடியோ ஏ.சி.யின் இரைச்சல் மேலே வந்துவிடும். பாட்டு ஓடும்போதும் அந்த விளக்கு எரிந்தால் கேட் வரம்பு மிக உயரத்தில் இருக்கிறது, அல்லது இன்புட் மிகக் குறைவு.

இடது, வலது சேனல்களை இணைத்து இயக்கும் அமைப்பில் இரண்டின் ஜி.ஆரும் ஒன்றாகவே நகரும். ஆகவே ஒரு சேனல் தாழ்ந்திருப்பதை அது காட்டிக்கொடுக்காது. இன்புட் மீட்டரே காட்டும். அங்கே ஒரு பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 6 டெசிபெல் குறைந்தால் பேலன்ஸ்டு கேபிளில் (ஒரே குறிகையை இரண்டு கம்பிகளில் எதிரெதிராகக் கொண்டுசெல்வது) ஒரு கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்.எல்.ஆர். பிளக்கின் 2, 3 முனைகளின் பற்றவைப்பை முதலில் சோதியுங்கள்.

1 கிலோஹெர்ட்ஸ் டோன் அனுப்பி அளவு பொருத்தும்போது ப்ராசசரை பைபாஸ் அல்லது டெஸ்ட் நிலையில் வையுங்கள். ஏ.ஜி.சி. வேலையில் இருந்தால் டோனை 6 டெசிபெல் ஏற்றினாலும் வெளியீடு பழைய இடத்துக்கே வந்துவிடும், ஜி.ஆர். மட்டும் இறங்கும். அப்படிச் செய்த அளவுப் பொருத்தம் செல்லாது.

ஜி.ஆருக்குத் தெரியாத தவறு ஒன்று உண்டு, அது பெரியது. இந்தியாவில் எஃப்.எம். ப்ரீ-எம்ஃபசிஸ் (உயர் அதிர்வெண்களை ஒலிபரப்புக்கு முன் உயர்த்துவது) 50 மைக்ரோநொடி. 15 கிலோஹெர்ட்ஸில் அது ஒலியை ஏறக்குறைய 13.7 டெசிபெல் உயர்த்துகிறது. ப்ராசசரிலும் எக்ஸைட்டரிலும் (எஃப்.எம். அலையை உருவாக்கும் கருவி) இதை ஆன் செய்துவிட்டால் இரண்டாவது உயர்வு ப்ராசசரைத் தாண்டிய பிறகு நடக்கும். ஜி.ஆர். இயல்பாக இருக்க, ‘ச’, ‘ஷ’ ஒலிகளில் டீவியேஷன் (அதிர்வெண் விலகல்) ±75 கிலோஹெர்ட்ஸைக் கடந்துபோகும். மாடுலேஷன் மானிட்டரில் 100 சதவீதக் கோட்டைப் பார்த்தால்தான் இது பிடிபடும். ப்ராசசரில் ப்ரீ-எம்ஃபசிஸ் இருந்தால் எக்ஸைட்டரை ஃபிளாட்டில் (ப்ரீ-எம்ஃபசிஸ் இல்லாமல்) வையுங்கள்.