கம்ப்யூட்டர் இல்லாத ஆட்டோபைலட்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பழைய சின்ன விமானங்களில் கம்ப்யூட்டரே இல்லாமல் ஆட்டோபைலட் இருந்ததாமே, எப்படிங்க?" காற்றை உறிஞ்சித்தான். 1965இல் மூனி என்ற சின்ன விமானங்களில் பிரிட்டெய்ன் கம்பெனி செய்த இப்படி ஒன்று இருந்தது. அதன் வேலை இறக்கையை மட்டமாக வைத்திருப்பது மட்டும்தான்.

இன்ஜின் சுழற்றும் பம்ப் ஒன்று காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சல் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அது ஒரு சின்ன ஜைரோ சக்கரத்தைப் பம்பரமாகச் சுற்றவைக்கிறது. சுற்றும் சக்கரத்தின் அச்சைத் திருப்பினால், நாம் திருப்பும் பக்கம் போகாமல் குறுக்கே சாயும். கழற்றிய சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரு கையாலும் பிடித்து, யாரையாவது சுற்றிவிடச் சொல்லி, அச்சைத் திருப்பிப் பாருங்கள், மணிக்கட்டையே முறுக்கும். தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு சக்கரம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை, பெரிய செலவும் இல்லை.

விமானம் இடப்பக்கம் சரிந்தால் ஜைரோவின் சட்டம் கொஞ்சம் சாய்கிறது. அதோடு ஒட்டிய வால்வு நகர்ந்து, இரண்டு குழாய்களில் ஒன்றுக்கு உறிஞ்சலைக் கூட்டி மற்றதற்குக் குறைக்கிறது. குழாய்களின் மறுமுனையில் ரப்பர் துருத்திகள்.

பினாங்கில் தே ஐஸை, அதாவது ஐஸ் போட்ட டீயை, பையில் கட்டிக் கொடுப்பார்களே, கடைசிச் சொட்டுவரை ஸ்ட்ராவில் உறிஞ்சினால் பை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அதை நசுக்குவது நம் வாயல்ல, வெளியே இருக்கும் காற்று. அந்தப் பையின் அடியில் கயிறு கட்டியிருந்தால் கயிறும் சேர்ந்து இழுபடும், இல்லையா? துருத்தி செய்வதும் அதையேதான்: சுருங்கி, கம்பியை இழுத்து, இறக்கையின் பின்னோரத்தில் இருக்கும் ஐலெரான் பலகையை அசைக்கிறது; சரிந்த இறக்கை மேலே வருகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: அடிவானம் எங்கே, மட்டம் எது என்பதெல்லாம் இந்த ஜைரோவுக்குத் தெரியவே தெரியாது. அதன் அச்சைச் சாய்வாக வைத்திருப்பதால் சரிவதையும் திரும்புவதையும் உணரும், அவ்வளவுதான். ஆனால் இறக்கை சரிந்தபடியே இருந்தால் விமானம் வளைந்துதானே போகும். வளைகிறவரை ஜைரோ விடாமல் இழுக்கும், வளைவு நின்றால் ஓய்ந்துவிடும். வளையாமல் பறக்கும் விமானத்தின் இறக்கை மட்டமாகத்தான் இருக்கும்!

சரி, விமானி திரும்ப நினைத்தால்? அவர் பிடித்து ஓட்டும் கைப்பிடியில், கட்டைவிரலடியில் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வெளிக்காற்று உள்ளே புகுந்து துருத்திகள் தளர்ந்துவிடும். திரும்பி முடித்து விரலை எடுத்ததும் மறுபடி உறிஞ்சத் தொடங்கும்.