முர்ரு, ஜுன்னு, சீம்பால்

ஆந்திர எல்லையோர ஊரான நகரிப் பக்கம் மாடு கன்று போட்டால் இரண்டொரு நாளில் பக்கத்து வீட்டுக்கு ஒரு சொம்பு ஜுன்னுப் பால் வந்துவிடும். வெல்லம் தட்டிப் போட்டு, ஏலக்காயும் மிளகும் இடித்துத் தூவி, இட்லிப் பானையில் வேகவைத்தால் கத்தியால் வெட்டுகிற பதத்துக்கு இறுகும். வீட்டில் தமிழ் பேசும் நாங்களும் அதை ஜுன்னு என்றே சொல்கிறோம். பிள்ளை பெற்றவளின் முதல் பாலுக்குத் தெலுங்கில் தனிப்பெயர்: முர்ருபாலு. தமிழில் இரண்டுக்குமே சீம்பால்தான்.

டாக்டர்கள் சொல்லும் கொலஸ்ட்ரம் லத்தீன் சொல்; அதற்கும் ஈன்றவுடன் சுரக்கும் பால் என்றே பொருள். ஆகவே சீம்பால் என்ற சொல்லே போதும். சிலர் மஞ்சள் பால் என்று மாற்றிச் சொல்வதுண்டு. சீம்பால் என்றதும் சீழ் ஞாபகம் வருகிறதே! நிறமும் பிசுபிசுப்பும் வேறு அதற்குத் தோதாக இருக்கும். கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ பிள்ளையின் நாக்கில் வைத்த பாட்டிகள் உண்டு. ஜுன்னை வெட்டித் தின்ற அதே வீட்டில்தான். (ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம், பொட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கும் நஞ்சுக்கு வழி.)

ஜுன்னை இறுக வைப்பது பாலில் மிகுந்திருக்கும் புரதம். அதில் கணிசமான பங்கு நோய் எதிர்ப்புப் புரதம். கன்றுக்கு அது குடல் வழியாக ரத்தத்தில் சேரும். நம் பிள்ளைக்கு ரத்தத்துக்கானது கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். தாயின் சீம்பாலில் இருப்பது முக்கியமாகக் குடல் சுவருக்குக் காவல் நிற்கும் வகை.

அப்புறம் ஒரு விசித்திரம். தாய்ப்பாலில், அதிலும் சீம்பாலில் கூடுதலாக, பிள்ளையால் செரிக்கவே முடியாத ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைகள் உள்ளன. அவை யாருக்கு? குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல நுண்ணுயிருக்கு. 1899இல் பாரிசில் குழந்தை மருத்துவர் ஆன்ரி டிசியே தாய்ப்பால் குடித்த பிள்ளைகளின் மலத்தில் கண்டறிந்தது இதைத்தான். கவட்டைக் குச்சி போலிருந்ததால் லத்தீனில் 'பிளந்தது' என்று பொருள்படும் பிஃபிடஸ் பெயரில் ஒட்டிக்கொண்டது. இது சர்க்கரையைத் தின்று குடலைப் புளிப்பாக்கும். அந்தப் புளிப்பில் பல நோய்க்கிருமிகளால் தழைக்க முடியாது. இப்படிக் குடியேறும் கூட்டம் முழுவதற்கும் பெயர் மைக்ரோபயோம், தமிழில் நுண்ணுயிர்த் தொகுதி. கொஞ்சம் விறைப்பான சொல், ஆனாலும் சரியானது.

எல்லையோரத்துப் பிரசவ வார்டு ஒன்றில் சிஸ்டர், "முர்ருபாலு பட்டண்டி" (முதல் பாலைக் கொடுங்கள்) என்றார். தமிழ்ப் பாட்டி விழித்தார். பக்கத்துக் கட்டில்காரி, "ஜுன்னுப் பால் மாதிரிதான் ஆயா, கொட்டாதே" என்றாள். பாட்டி சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.